பத்தாவது ஆணி

எட்டிப் பார்க்காதீர்கள் சார், ஒன்றும் ஆகவில்லை. கேட் போட்டிருக்கிறார்கள். பதினொரு நிமிடம் ஆகும். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார், பாருங்கள். அவருக்கும் தெரியும். பெயருக்கு ஹாரன் அடிப்பார்கள், கேட்காரர் காதில் வாங்க மாட்டார்.

காலை ஆறு நாற்பத்தொன்று. என் கைக்கடிகாரம் ஒரு நிமிடம் முந்தி ஓடும், அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு இந்த கேட் போடாமல் இருந்திருக்க வேண்டும், சார். இந்தச் சரக்கு ரயில் தினமும் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். இன்றைக்கு வராமல் போய்விடும் என்று நினைத்துத்தான் ஏறினேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள். தப்பாக நினைக்காமல் ஒன்று பார்த்துச் சொல்ல முடியுமா? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எதிரே, ஒரு லோடு ஆட்டோ நிற்கிறதா? பால் கேன் ஏற்றியிருக்கும்.

நிற்கிறது, இல்லையா. சரி.

இல்லை இல்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். ஆட்டோ நிற்கிறதா என்பது மட்டும்தான். போதும்.

உங்கள் மடியில் இருப்பது கம்ப்யூட்டர் பைதானே? ஏறும்போதே கவனித்தேன். பஸ்ஸில் யாரிடமும் வாய் கொடுக்கிற ஆள் இல்லை நான். அந்தப் பையைப் பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் ஒருவரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். எல்லாம் எழுதி முடித்து ஓட ஆரம்பித்த பிறகு நடுவில் ஒரு வரி சேர்க்க முடியுமா? முடியும் என்கிறீர்களா? பழையதைக் கலைக்காமல்? ம். முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் டவுனில் ஒரு பால் கம்பெனியில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். ஆதிமூலம் என்றால் அங்கே தெரியும். எட்டாவது வரை படிப்பு. மனைவி தவறி இரண்டு வருடம் கழித்து அந்த வேலைக்குப் போனேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. என்ன வேலை என்றால், போன் எடுக்கிற வேலை. கம்பெனிக்குப் பால் ஊற்றுகிற ஊர்கள் நாற்பத்தாறு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பால் சேகரிப்பு மையம், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஊரில் எது நடந்தாலும் எனக்குப் போன் வரும். கரண்ட் போய்விட்டது, மாட்டுக்கு மடி வீக்கம், வண்டி பஞ்சர், பால் திரிந்துவிட்டது. நான் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, யாருக்குப் போக வேண்டுமோ அவருடைய ஆணியில் குத்தி வைப்பேன். சுவரில் வரிசையாக ஆணி. டாக்டர் ஆணி, எலக்ட்ரீஷியன் ஆணி, வண்டி ஆணி, மேனேஜர் ஆணி என்று ஒன்பது. அவரவர் ஆள் வந்து அவரவர் சீட்டை உருவிக்கொண்டு போவார்கள். பால் திரிந்தது என்றால் ஒரு ஆணி போதாது, தரம் பார்க்கிறவருக்கும் வண்டிக்காரருக்கும் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். அதற்குக் கார்பன் வைத்து எழுதுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு சீட்டு ஆணி மாறிப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்கு அது.

போன ஆனியில் மேனேஜர் வந்து, "ஆதிமூலம், இனிமே போனெல்லாம் கெடையாது. ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு பெட்டி வைக்கப் போறோம். வண்டி எங்க நிக்குது, பால் எத்தனை டிகிரி, எல்லாத்தையும் அதுவே சொல்லிரும். ஒரு பொண்ணு வருது. எது எங்க போகணும்னு நீங்க அதுக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார்.

வந்தாள். ஜெனிட்டா என்று பெயர். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண், சார். என்னைவிடக் கறார். அவள் சொன்னது எனக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. "ஐயா, நாப்பத்தாறு ஊர்ச் செய்தியும் ஒரே குழாய்ல வந்து விழும். குழாய் வாயில நான் உக்காந்து பிரிச்சு விடணும். இது டாக்டருக்கு, இது வண்டிக்குன்னு. எந்தச் செய்தி, எந்த இடம், அத மட்டும் நீங்க சொல்லுங்க. மிச்சத்த நான் எழுதிக்கிறேன்." நான் செய்த வேலைதான். ஆணிக்குப் பதில் கம்ப்யூட்டர்.

பதினொரு நாள் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பதினான்கு வகைச் செய்தி, ஒன்பது இடம். என்ன வகை என்றே தெரியாத செய்தி வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். மேனேஜர் ஆணி என்றேன். ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால்? நேரத்தைப் பார்த்து இரண்டாவதைக் கிழித்துவிட வேண்டும் என்றேன். அவள் நாற்காலியைத் திருப்பி, "ஐயா, எங்க ஆபீஸ்ல பதினஞ்சு பேர் உக்காந்து பேசினாலும் இப்படித் தெளிவா வராது" என்றாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. நான் பாராட்டு வாங்கிப் பழக்கப்பட்டவன் இல்லை.

கடைசி நாள் ஒன்று கேட்டாள். "எங்கயுமே போக வேணாம்னு நீங்க நிறுத்தி வைக்கிற செய்தி ஏதும் உண்டா ஐயா?"

"செய்தின்னு ஒண்ணு வந்தா எங்கயாச்சும் போய்த்தான் ஆகணும்" என்றேன்.

"விதிவிலக்கு? இந்த ஊருக்கு மட்டும் இப்படி, அந்த மாதிரி?"

"எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்."

அவள் எழுந்து சுவரைப் போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு எண்ணினாள். "ஒம்பது இடம்னு சொன்னீங்க. ஆணி பத்து இருக்கே?"

"அது காலண்டர் மாட்டுற ஆணி."

அதில் காலண்டர் இல்லை சார். காலண்டர் எதிர்ச் சுவரில் தொங்குகிறது. அவள் கவனிக்கவில்லை. பத்தாவது ஆணியில் இருந்த சீட்டுகளை அதற்கு முந்தின நாள் மாலையே கழற்றி, நூல் போட்டுக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். தூசி படிந்திருந்தது. அதற்காகத்தான்.

அந்தச் சீட்டெல்லாம் பதினேழாம் நம்பர் மையத்தின் சீட்டு.

பதினேழு என்பது இதோ, இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர். அறுபத்து மூன்று வீட்டுக்காரர்கள் பால் ஊற்றுகிறார்கள். மையத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு அம்மா. ரிஜிஸ்டரில் ச. பூரணம் என்று இருக்கும். மற்ற ஊரில் டிரைவரிடம் கேனைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மா தானே ஆட்டோவில் ஏறி, குளிரூட்டும் நிலையம் வரை கேனுக்குக் காவல் வருகிற ஆள். வழியில் யாரும் தண்ணீர் கலந்துவிடக் கூடாதாம். அங்கே ஏழு மணிக்குள் பாலை இறக்கிவிட வேண்டும். கேட் இல்லாத நாளில் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவாள். கேட் போட்டுவிட்டால் ஏழு மூன்று, ஏழு நான்கு. அது தாமதம். சீட்டு எழுதி மேனேஜர் ஆணியில் குத்த வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் போன் வந்தது. கேட் பக்கத்தில் அப்போது ஒரு போன் பூத் இருந்தது, அங்கிருந்து.

"பதினேழு பேசுறேன். கேட் போட்டுட்டாங்க. நேரம் குறிச்சுக்கோங்க. அப்புறம் நான் லேட்டுன்னு எழுதினீங்கன்னா நல்லா இருக்காது."

"கொஞ்சம் முன்னாடியே கெளம்பலாமே" என்றேன்.

"எங்கூர் மாடு ரயில்வே அட்டவணை பாத்துக் கறக்காது ஆபீஸ்காரரே."

கேட் மூடினால் அது யாருடைய குற்றமும் இல்லை. எனக்கு நியாயம் என்று பட்டது. சீட்டில் 'கேட்' என்று எழுதி, மேனேஜர் ஆணியில் குத்தாமல், புதிதாக ஒரு ஆணி அடித்து அதில் குத்தினேன். அவ்வளவுதான் விஷயம். அவள் கேட் மூடும்போது போன் செய்வாள், திறந்ததும் வைப்பாள். மூடின நேரமும் திறந்த நேரமும் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் நடுவில் வைக்கச் சொல்லவில்லை. பூத் போய் செல்போன் வந்த பிறகும் அப்படியே.

நடுவில் என்ன பேச்சு என்கிறீர்களா? பேச்சென்று ஒன்றும் இல்லை. யார் வீட்டு மாடு ஈன்றது, எந்தக் கன்று, காளைக் கன்றா, அவளுக்கு முழங்கால் வலி, அது மாதிரி. நான் 'ம்' சொல்வேன். ரயில் வந்தால் பெட்டி எண்ணுவோம். அவள் கண்ணால் எண்ணுவாள். நான் போனிலேயே, அந்தத் தடக் தடக் சத்தத்தை வைத்து எண்ணுவேன். ரயில் போனதும் அவள் கேட்பாள்.

"எத்தனை?"

"அம்பத்தெட்டு."

"அம்பத்தொம்பது. காது மந்தமாயிட்டு வருது ஆபீஸ்காரரே."

"கடைசியா வர்ற கார்டு பெட்டியையும் சேத்து எண்ணிட்டீங்க. அது கணக்குல வராது."

"ஏன், அதுல ஆள் இல்லையா? ஆள் இருக்குற ஒரே பெட்டி அதான். அத மட்டும் விட்டுருவீங்களா?"

நான் சரி, அவள் தப்பு. அடுத்த ரயிலுக்கும் இதே வாதம்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை சார். எடுத்ததும் "பதினேழா?" என்பேன். "பதினேழுதான்" என்பாள். நேரில் பார்த்ததும் இல்லை. நான் டவுன் ஆபீஸ், அவள் இந்தப் பக்கம். பார்க்க வேண்டிய வேலை வரவில்லை.

கணக்குச் சொல்கிறேன். மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு சீட்டு. மூடின நேரத்துக்கும் திறந்த நேரத்துக்கும் நடுவில் உள்ளதைக் கூட்டினால் இருபத்தாறாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு நிமிடம். நாளாக மாற்றினால் பதினெட்டு நாளும் பதினொரு மணி நேரமும் பதினெட்டு நிமிடமும். போன வாரம்தான் கூட்டிப் பார்த்தேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், அதனால்.

இந்தச் சீட்டை ஜெனிட்டா கையில் எப்படிக் கொடுப்பது, சொல்லுங்கள். கொடுத்தால், "ஏன் ஐயா, கேட் போட்டாச்சுன்னு சொல்ல அஞ்சு செகண்ட் போதுமே, பதினொரு நிமிஷம் என்ன பேசுனீங்க?" என்று கேட்பாள். கறாரான பெண், கேட்காமல் விட மாட்டாள். நான் என்ன சொல்வேன்? காளைக் கன்று என்றா? மேனேஜர் காதுக்குப் போனால் அந்த அம்மாவைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தபோது தவறினவர். அதுவும் ரிஜிஸ்டரில் பார்த்ததுதான்.

அதனால் காலண்டர் ஆணி என்றேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இதற்குப் பிறகு இன்னொன்று செய்தேன். அதுதான் சார் பெரிய தப்பு.

புதியதை ஓட்டுவதற்கு முன்னால் ஏழு நாள் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும் என்று ஜெனிட்டா சொன்னாள். போனும் வரும், பெட்டியும் அனுப்பும். ஏழு நாள் முடிந்து, ஆணிக்குப் போக வேண்டியதை மட்டும் ஒத்துப் பார்த்தோம். என் தாளில் நானூற்றுப் பன்னிரண்டு. அவள் கம்ப்யூட்டரில் நானூற்றுப் பதினான்கு.

"ரெண்டு கூட வருதே ஐயா. ரெண்டுமே பதினேழு. தாமதம்னு மேனேஜருக்குப் போயிருக்கு. உங்க தாள்ல இல்ல. நான் தப்பா எழுதிட்டேனா? வேணும்னா இன்னொரு வாரம் ஓட்டிப் பாத்துருவோம்."

அங்கே வாயைத் திறந்திருக்கலாம். "நீ எழுதினது சரிம்மா. பதினேழுக்கு மட்டும் கேட் உண்டு" என்று ஒரு வார்த்தை. அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "நான்தான் எழுத விட்டுட்டேன்" என்றேன்.

அவள் அந்த இரண்டையும் என் தாளில் தானே எழுதிச் சேர்த்தாள். "பரவால்ல ஐயா. வயசாச்சுல்ல" என்றாள். இரக்கத்தோடுதான் சொன்னாள்.

பத்தொன்பது வருடம் சார். ஒரு சீட்டு விட்டதில்லை.

ரயில் வருகிறது. சத்தம் கேட்கிறதா? இன்னும் தூரத்தில்தான். ஆறு நாற்பத்தைந்து.

ஒன்றாம் தேதி போனை எடுத்துவிட்டார்கள். முந்தின நாளும் கேட் போட்டிருந்தது. அவள் போனில் இருந்தாள். நாளையிலிருந்து இந்த நம்பர் இருக்காது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அம்பத்தொம்பது என்றாள், அம்பத்தெட்டு என்றேன். "சரி ஆபீஸ்காரரே, கேட் தெறந்தாச்சு, வைக்கிறேன்" என்றாள். நான் 'ம்' என்றேன். அவ்வளவுதான். இப்போது அந்த நம்பருக்குப் போட்டால் ஒரு பெண் குரல் வரும். வண்டி என்றால் ஒன்றை அழுத்தவும், மாடு என்றால் இரண்டை அழுத்தவும். கேட்டுக்கு எண் கிடையாது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு திரை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். செய்தி வந்து அதது இடத்துக்குத் தானாகப் போகிறது. நான் பார்க்க வேண்டும். எழுத வேண்டியதில்லை, குத்த வேண்டியதில்லை. பார்க்க மட்டும்தான். இந்த மாதம் மூன்றாம் தேதி 'பதினேழு, தாமதம்' என்று வந்தது, என் கண் முன்னால் மேனேஜருக்குப் போனது. ஐந்தாம் தேதி, எட்டாம் தேதி. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் செல்போனுக்கும் ஒரு எச்சரிக்கை போகும். அதுவும் நான் சொல்லி ஜெனிட்டா எழுதினதுதான். தாமதம் என்றால் இரண்டு இடம், கார்பன். ஒரு மாதத்தில் பத்துத் தாமதம் ஆனால் அந்த மையத்தின் பாலை நிறுத்திவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. முன்பே உண்டு. முன்பெல்லாம் யாருக்கும் பத்து வந்ததில்லை, அதனால் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு நினைவு இருக்கும்.

நேற்றோடு ஒன்பது ஆயிற்று.

இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. இன்றும் நாளையும் தப்பித்துவிட்டால் புது மாதம். ஆனால் கேட் போட்டுவிட்டார்கள், பார்த்தீர்களே. அந்த ஆட்டோ ஏழு நான்குக்குப் போகும். பத்தாவது தாமதம் விழும். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தானாகவே நிறுத்தச் சொல்லி ஓலை போய்விடும். அறுபத்து மூன்று வீட்டுக்காரர்கள் நாளைக்குப் பாலைத் தூக்கிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் அடுத்த மையத்துக்கு நடக்க வேண்டும். அவள் அவர்களுக்கு என்ன பதில் சொல்வாள்? ஆபீஸ்காரர் அனுப்பினார் என்றுதான் சொல்வாள். பத்தொன்பது வருடம் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்தானே.

இதோ, சட்டைப் பையில் ஒரு கடிதம். மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். எழுதி ஒன்பது நாள். தினமும் ஆபீசுக்குக் கொண்டுபோய்த் தினமும் கொண்டுவருகிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. அந்த அம்மாவையே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை இதே பஸ்ஸில் வந்தேன். இரண்டு தடவையும் கடைசி நிறுத்தம் வரை போய் இரண்டு வடை சாப்பிட்டுத் திரும்பிவிட்டேன். இன்றைக்கும் கடைசி நிறுத்தத்துக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்.

நேரம் என்ன? நாற்பத்தாறு.

ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் சார்? பத்து நிமிடமா? நிஜமாகவா?

ஜெனிட்டா நம்பர் இந்தக் கடிதத்தின் பின்னால் இருக்கிறது. எனக்கு எழுத்துச் சிறிதாகத் தெரிகிறது, நீங்கள் வாசியுங்கள், நான் அழுத்துகிறேன். இல்லை, என் போனிலேயே. என்னுடைய தப்பு, என் போனில்தான் பேச வேண்டும். ஆம். மூன்று. ஆம். ஏழு, ஏழு. சரி.

மணி அடிக்கிறது. தூங்கிக்கொண்டிருப்பாள்.

"அம்மா ஜெனிட்டா... நான் ஆதிமூலம் பேசுறேன். பால் கம்பெனி ஆதிமூலம்... இல்லம்மா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... ஒண்ணு சொல்லணும். அந்தப் பத்தாவது ஆணி இருக்குல்ல? அது காலண்டர் ஆணி இல்லம்மா... ஆமா. பொய்தான் சொன்னேன்... அந்த ரெண்டும் நான் விட்டுட்டேன்னு சொன்னதும் பொய்தான். விடல. பதினேழுக்குப் போற வழியில ரயில்வே கேட் இருக்கு. கேட்ல நின்னா தாமதம்னு எழுதக் கூடாது. நான் எழுதுனதே இல்ல... பத்தொம்பது வருஷமா... ரயில் வருதும்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லு... இன்னைக்குத்தான் பத்தாவது. அந்தப் பக்கம் பதினேழு அம்மா நிக்கிறா, நானும் கேட்லதான் இருக்கேன், இந்தப் பக்கம்... ஏழு மணிக்குள்ள முடியுமா?... திட்டுறதுன்னா அப்புறம் திட்டும்மா."

கம்ப்யூட்டரைத் திறக்கிறாளாம், சார். வண்டி கேட் பக்கத்தில் நின்றால் பெட்டியே அதைச் சொல்கிறதாம். அதற்குத் தனி வகை போட்டுவிடலாம் என்கிறாள். கேட்டில் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டுத் தாமதம் பார்க்குமாம். இவ்வளவுதானா ஐயா என்கிறாள். ஒரு வரிதானாம்.

"சொல்லும்மா... ம்?"

என்ன கேட்கிறாள் தெரியுமா? கேட் செய்தி வந்தால் அது எங்கே போக வேண்டும் என்கிறாள். குழாயில் வந்த செய்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும் என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள் என்கிறாள்.

"எழுதிக்கோம்மா... தொண்ணூத்து நாலு, எண்பத்தேழு... ஆமா, செல் நம்பர்தான்... ஆமாம்மா, என்னோடதுதான்."

சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

கணக்குக்காகத்தான் சார். மூடின நேரம், திறந்த நேரம். யாராவது ஒருவரிடம் இருக்க வேண்டும் இல்லையா?

கடைசிப் பெட்டி போகிறது. ஆறு ஐம்பத்தொன்று. கேட்டைத் தூக்குகிறார்கள். அந்த ஆட்டோ கிளம்பிவிட்டதா? வருகிறதா? போன் அதிர்கிறது. நீங்கள் வாசியுங்கள் சார், என்ன போட்டிருக்கிறது?

பதினேழு. கேட். அவ்வளவுதானா? அவ்வளவு போதும்.

கண்டக்டர், ஒரு ஆள் இறக்கம்! இங்கேதான். கடைசி நிறுத்தம் டிக்கெட் என்றால் என்ன, இங்கே இறங்கக் கூடாதா? கையைக் காட்டினால் ஆட்டோவை நிறுத்தச் சொல்வாள். நிறுத்தாவிட்டால் போகட்டும், அவள் நம்பர் எனக்கு மனப்பாடம், நானே போட்டுப் பேசிக்கொள்கிறேன். வழி விடுங்கள், காலை மிதித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஐயோ சார், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பேச்சு மும்முரத்தில் இன்றைக்கு நான் எண்ணவே இல்லை. ரயிலில் எத்தனை பெட்டி? நீங்கள் ஜன்னல் பக்கம்தானே இருந்தீர்கள், எண்ணினீர்களா? கார்டு பெட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் முதலில் அதைத்தான் கேட்பாள்.